தரையும் ஈரமும்

வீட்டுத் தரை வெடிக்கும் என்று எவரேனும் என்னிடம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். 2022ஆம் ஆண்டு சித்திரை மாதம்; பிற்பகல் இரண்டு மணி இருக்கும். கரிவலம்வந்தநல்லூரில் உள்ள எங்கள் பூர்விக வீட்டில் உண்ட களைப்புத் தீரப் படுத்திருந்தேன். அடுத்த கூடத்திலிருந்து அதிர்வேட்டுப் போட்டாற்போல் ஓர் ஓசை கேட்டது. எழுந்து ஓடினேன். முந்தின ஆண்டு என் தம்பி புதிதாகக் கட்டிய கூடம் அது. அதன் நடுவே, ‘டைல்ஸ்’ என்று இன்று எல்லாரும் வழங்குகிற தளவோடுகள் இரண்டு வரிசையாகக் கிளம்பி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சிறுவர்கள் சீட்டுக்கட்டில் கட்டும் வீடு போல் நின்றன. அடியில் கை நுழையும் அளவுக்கு வெளி. என் தாயார் சுவரைப் பற்றிக்கொண்டு வந்து பார்த்தார், “பூமி கீமி புரண்டுச்சா?” என்றார்.

பூமி புரளவில்லை. சுவர்களில் ஒரு கீறலும் இல்லை. அந்தக் கூடத்தை ஒட்டியிருக்கும் பழைய பட்டாசலில், 1963இல் என் தந்தையார் போட்ட செங்காவித் தரை எப்போதும்போல் குளிர்ந்து கிடந்தது. அறுபது ஆண்டுத் தரை அசையாதிருக்க, ஓராண்டுத் தரை வெடித்தது ஏன்? தம்பிக்கு இந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. அவன் வேறொரு முடிவுக்கு வந்திருந்தான். வெடித்ததை அகற்றிவிட்டு, பழைய பட்டாசலையும் சேர்த்து மூடி, வீடு முழுவதும் ஒரே வகை ஓடாகப் பதித்துவிடலாம் என்பது அவன் எண்ணம். “எதுக்குண்ணே ஊடால ஒரு செவப்புத் தரை?” என்று கேட்டான்.

நான் பொறியாளன் அல்லேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே, சரித்திரக்காரனுக்குத் தெரிந்த ஒரே வழியில், அதாவது பின்னோக்கி நடந்து, விடை தேடினேன். ஒரு மாதத் தவணை கொடு என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். தரையின் வரலாறு என்று நினைத்துத் தொடங்கிய தேட்டம், பாதிக்குமேல் தண்ணீரின் வரலாறாக மாறிவிட்டது.

எங்கள் ஊர், சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ளது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. யானை வலம்வந்த நல்லூர் என்பது பெயரின் பொருள். நிட்சேப நதியும் பால்வண்ணநாதர் கோயிலும் ஊரின் இரண்டு சிறப்புகள். இந்தப் பக்கத்தில் ஐம்பூதத் தலங்கள் என்று ஐந்தைச் சொல்வார்கள். சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் வான். ஒரு வீட்டின் தரைக்கும் மண், நீர், நெருப்பு இம்மூன்றும் வேண்டும். சுட்ட செங்கல்லிலும் நீற்றிய சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் நெருப்பு மறைந்திருக்கிறது. ஆனால் தரையைக் கெடுக்க நீர் ஒன்றே போதும்.

முதலில் மண் தரையைச் சொல்ல வேண்டும். என் ஆச்சி காலத்து அடுக்களை மண் தரைதான். செம்மண்ணைக் குழைத்துப் பரப்பித் திமிசுக்கட்டையால் இடித்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, அதன்மேல் சாணம் கரைத்து மெழுகுவார்கள். சாணத்திலுள்ள நார் மண்ணைப் பிணைத்துக் கொள்ளும். நாள்தோறும் நடப்பதால் தேயும்; வெள்ளிக்கிழமைதோறும் மெழுகுவதால் வளரும். இந்தத் தரைக்கு ஒரு நற்குணம் உண்டு. அது மூச்சு விடும். நிலத்திலிருந்து மேலேறும் ஈரம் எங்கும் தங்காமல் காற்றில் கலந்துவிடும். அவ்வாறு கலக்கும்போது தரை குளிரும். கோடையில் ஆச்சி பாயை உதறிவிட்டு வெறுந்தரையில் படுத்ததற்குக் காரணம் வறுமை அன்று, சுகம்.

சற்று வசதி வந்ததும் மண் தரை சுண்ணாம்புத் தளம் ஆயிற்று. கரிசல் நிலத்தில் சுக்கான்கல் என்று ஒரு வகைச் சுண்ணாம்புக் கல் கிடைக்கும். அதைச் சூளையில் நீற்றி, செங்கல் ஜல்லியோடு கலந்து, நான்கைந்து அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் அதை அடிப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. அடித்த கட்டை துள்ளித் திரும்பும்வரை அடிக்க வேண்டும். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். செங்கற்பொடிக்குச் சுர்க்கி என்று பெயர். நன்றாகச் சுட்ட செங்கற்பொடி சுண்ணாம்போடு சேர்ந்தால், அந்தக் கலவை நீரிலும் கரையாத இறுக்கம் பெறுகிறது.

இதே செயல்முறையை ரோமாபுரியில் கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ரூவியஸ் என்னும் கட்டடக்கலை ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார் என்று அறிந்தபோது வியந்தேன். அடியில் கைப்பிடியளவு கற்கள். அதன்மேல் மூன்று பங்கு உடைகல்லுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. ஆட்கள் கூட்டமாக நின்று மரக்கட்டைகளால் இடித்து முடித்தபின் அது முக்கால் அடிக்குக் குறையாத கனம் இருக்க வேண்டும். அதற்கு மேலே மூன்று பங்கு ஓட்டுப்பொடிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. இப்படிப் போகிறது அவர் கணக்கு. அவருக்கும் நம் ஊர்க் கொத்தனாருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்திருக்க முடியாது. சுண்ணாம்பும் சுட்ட மண்ணும் எங்கே சந்தித்தாலும் ஒரே உறவு கொள்கின்றன என்பதே காரணம்.

கோயிலின் கல் தளத்தையும் இங்கே குறிப்பிடலாம். பால்வண்ணநாதர் கோயில் பிராகாரத்தில் பாவியுள்ள கற்கள் ஒன்றோடொன்று ஒட்ட வைக்கப்பட்டவை அல்ல; அருகருகே கிடப்பவை. வெயிலில் கல் விரிந்தால் இடுக்கு இடம் கொடுக்கிறது. மழை நீர் அந்த இடுக்கின் வழியே இறங்குகிறது. மண்ணின் ஈரம் அதன் வழியே ஏறுகிறது. அந்த இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் பிறகு கல்லோரத்தில் உவர் பூக்கிறதே என்று கவலைப்படுகிற காட்சியை நான் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

சிமெண்டு நமக்குப் புதிது. இங்கிலாந்தில் லீட்சு நகரத்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824இல் ‘போர்ட்லண்டு சிமெண்டு’ என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். போர்ட்லண்டு என்பது அந்நாட்டில் பெயர்பெற்ற ஒரு கட்டடக்கல். தம் சரக்கு அக்கல்லைப் போல் இருக்கும் என்பது அவர் விளம்பரம். ஆஸ்ப்டினும் தொழிலால் ஒரு கொத்தனார்தான் என்பது எனக்கு உவப்பான செய்தி. நம் நாட்டில் 1904இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு செய்ய ஒரு முயற்சி நடந்தது; நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே வெற்றி கண்டது. எங்கள் பக்கத்துக்குச் சிமெண்டு நெருங்கி வந்தது 1949இல். திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை அந்த ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் விருதுநகர்ப் பக்கம் இராமசாமிராஜா நகரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலையும் வந்தது. கரிவலம்வந்தநல்லூரின் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. சுக்கான்கல் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஆனால் ஆலை அருகில் வந்ததால் மூட்டை கைக்கு வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அப்போது சிமெண்டு அரசின் கட்டுப்பாட்டில் இருந்த பொருள். ஓரளவு கட்டுப்பாடு நீங்கியது 1982இல். முழுவதும் நீங்கியது 1989இல். அதுவரை வீடு கட்டுவோர் மனுவும் பெர்மிட்டுமாக அலைந்தார்கள். கிடைத்த சிமெண்டைப் பொன்போல் வைத்துச் செலவழித்தார்கள். கூரைக்கும் தூணுக்கும் போக எஞ்சியதைத் தரையின் மேற்பூச்சுக்கு மட்டுமே பயன்படுத்தினார்கள். செங்காவித் தரை இந்தச் சிக்கனத்தின் குழந்தை.

எங்கள் தரை போடப்பட்டபோது சித்தாளாக வேலை பார்த்த சிறுவர் ஒருவர் இன்றும் பக்கத்து ஊரில் இருக்கிறார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. பிற்காலத்தில் பெயர் பெற்ற கொத்தனார் ஆனார். அவரைத் தேடிப்போனேன். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். முதலில் மண்ணை இடித்து, அதன்மேல் அரையடி ஆற்றுமணல் கொட்டி, நீர் விட்டு அமுக்கினார்களாம். அதற்குமேல் பழைய வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். சிமெண்டு வந்தது அதற்கும் மேலே, முக்கால் அங்குலக் கனத்துக்குத்தான். அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சிமெண்டும் காவிப்பொடியும் கலந்த கலவையைப் பரப்பி, கரண்டியால் தேய்க்கத் தொடங்குவார்கள். காவிப்பொடி என்பது இரும்பு ஆக்சைடு, துருவின் உறவினர். தேய்ப்பது என்றால் முகம் தெரியும்வரை தேய்ப்பது. நடுவில் எழுந்துபோனால் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால் இரவெல்லாம் அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு தேய்த்திருக்கிறார்கள். மறுநாள் விளிம்பில் களிமண் வரப்புக் கட்டி, பாத்திபோல் நீர் நிறுத்தி, பத்து நாளுக்கு மேல் நனையவிட்டார்கள். கடைசியில் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்தார்கள்.

“தரை முழுசையும் ஒரே பரப்பாப் போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அது எப்படித் தம்பி முடியும்? கட்டங்கட்டமா. ஒண்ணு விட்டு ஒண்ணு. ஊடால கோடு இருக்கும் பாருங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து நடந்த தரையில், நான்கடிக்கு ஒரு மெல்லிய கோடு இருப்பதை அன்றுதான் உண்மையில் கண்டேன். சிறு வயதில் பாண்டி ஆடுவதற்கு வசதியாகப் போட்டது என்று நினைத்திருந்தேன்!

அவர் சொன்ன இன்னொரு செய்திதான் எனக்கு வழி காட்டியது. அடித்தளம் போட்டது தை மாதத்தில். அதோடு என் தந்தையார் கையில் பணம் தீர்ந்துவிட்டது. பருத்தி விற்றுப் பணம் வந்து, மேற்பூச்சைப் போட்டபோது பத்து மாதம் கழிந்திருந்தது. அந்தப் பத்து மாதமும் செங்கல் ஜல்லித் தளம் வெறுமையாகக் காய்ந்து கிடந்தது. தந்தையாரின் கைமுட்டு எங்கள் தரைக்கு வைத்தியம் ஆகிவிட்டது.

செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓட்டைப் பற்றியும் சில வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் இல்லை. சூளையில் சுடாத ஓடு அது. ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சை நிறுத்தி, ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் உலர்ந்த கலவையாகத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி அமுக்குகிறார்கள். இறுகியபின் தொட்டி நீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியிலிருந்து பிரியும் முகம் கண்ணாடிபோலவே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சிலும் ஸ்பெயினிலும் தோன்றிய சிமெண்டு ஓட்டுக்கு இது உறவு. ஆயினும் அங்குள்ள மணலும், கை திருப்பும் வேகமும் அவ்வூருக்கே உரியவை. வெனிஸ் நகரத்து மொசைக் தரை, மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழில், கடப்பைக்கல் ஆகியவற்றையும் விரித்தால் நேரம் போதாது.

இனி வெடித்த கூடத்துக்கு வருகிறேன். அதன் அடியில் இருப்பது நான்கு அங்குலக் காங்கிரீட் தளம். காங்கிரீட் இறுகுவது வேறு, காய்வது வேறு. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் நாங்கள் பணத்தைத் தொலைத்தோம். சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு கூடுவதால் இறுகுகிறது. 50 கிலோ மூட்டை ஒன்று வேதியியல் முறையில் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் நீர், எடையில் ஏறத்தாழக் கால் பங்குதான். அதாவது 12 லிட்டர் அளவு. ஆனால் அவ்வளவே விட்டால் கலவை மண்வெட்டிக்கு மசியாது. எனவே 25 லிட்டரும் அதற்கு மேலும் ஊற்றுகிறோம். எஞ்சிய நீர் எங்கே போகும்? கல்லாக இறுகிவிட்ட தளத்தின் நுண்துளைகளில் குடியிருந்து, மேற்பரப்பின் வழியே மெல்ல மெல்லக் காற்றில் போகும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத் தொழிலில் வழங்கும் குத்துமதிப்பு. நான்கு அங்குலத்துக்கு நான்கு மாதம். மழைக்காலமானால் இன்னும் மிகுதி.

நீர் போகப்போகக் காங்கிரீட் சுருங்கும். ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவு என்பது கற்பனையால் பிடிக்க முடியாத சிறுமை. எங்கள் கூடம் இருபதடி நீளம். அந்த நீளத்துக்கு மூன்று மில்லிமீட்டர். தளம் சுருங்குகிறது, அதன்மேல் ஒட்டியுள்ள ஓடு சுருங்குவதில்லை. வெயில் ஏறினால் விரியவும் செய்யும். இரண்டடிச் சதுர ஓடுகளை ஒன்றோடொன்று முட்ட, இடைவெளியே இல்லாமல், சுவரோடு சுவர் இறுக்கிப் பதித்திருந்தார்கள். கோடு தெரியாமல் இருந்தால்தான் அழகு என்று நாங்களே விரும்பிக் கேட்டோம். அந்த மூன்று மில்லிமீட்டருக்குப் போக இடம் இல்லை. மேற்குக் கதவு வழியே சித்திரை வெயில் அடித்த அன்று, அது மேலே போயிற்று.

பிடிப்பும் சரியில்லை. இன்றைய விட்ரிஃபைடு ஓடு பெருஞ்சூட்டில் கண்ணாடித் தன்மை பெற்றது. தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. கறை படியாமைக்கு அதுவே காரணம். ஆனால் சிமெண்டுப் பால் ஓட்டைப் பற்றுவது, ஓடு அந்தப் பாலைச் சிறிது உறிஞ்சுவதால்தான். குடிக்காத பிள்ளைக்குப் பால் ஊட்டினால் வாயோரம் வழிவதுபோல், கலவை ஓட்டோடு சேராமல் அடியில் தனித்தட்டாக நின்றுவிட்டது. பெயர்த்த ஓடுகளின் முதுகு துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. அத்தகைய ஓட்டுக்கு அதற்கென்று செய்த பசைக்கலவை வேண்டும்.

எங்கள் கூடத்தில் காங்கிரீட் போட்ட நாற்பதாம் நாள் ஓடு பதிக்கப்பட்டது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்களை விரட்டியவர்கள் நாங்கள்.

இந்தத் துன்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வீட்டுப் பஞ்சம் வந்தபோது, நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்னும் குடியிருப்பை 1947இல் கட்டத் தொடங்கினார்கள். நிலவறை தோண்டாமல், நிலத்தின்மேல் நேரே காங்கிரீட் பலகை போட்டு, ஆயிரக்கணக்கில் வீடுகளை எழுப்பினார்கள். அந்தப் பலகைமேல் அவர்கள் முதலில் ஒட்டியது தார் கலந்த ஓடு. அது தளத்தின் ஈரத்துக்கும் காரத்துக்கும் ஓரளவு ஈடு கொடுத்தது. பிற்காலத்தில் காங்கிரீட் பலகைகளின்மேல் மரப்பலகையும் செயற்கை விரிப்பும் ஒட்டத் தொடங்கியபோது, மரம் வில்லாக வளைந்தது, பசை கூழாயிற்று. அதன் பிறகே தளத்தின் ஈரத்தை அளக்க முறைகள் பரவின. கால்சியம் குளோரைடு உப்பை ஒரு கிண்ணத்தில் இட்டுத் தளத்தின்மேல் காற்றுப் புகாமல் மூடி, மூன்று நாளில் அது எவ்வளவு எடை கூடுகிறது என்று பார்ப்பது அவற்றில் ஒன்று.

எங்கள் மூத்த கொத்தனாருக்குக் கால்சியம் குளோரைடு தெரியாது. பிளாஸ்டிக் தாள் தெரியும். ஓடுகளையெல்லாம் பெயர்த்து எடுத்துத் தளத்தை வெறுமையாக விட்டபின், ஆவணி மாதத்தில் வந்தார். ஒன்றரை அடிச் சதுரத்தில் நான்கு தாள்களை நான்கு இடத்தில் வைத்து, ஓரங்களை நாடாவால் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை மூன்று தாளின் அடியில் ஒன்றும் இல்லை. குளியலறைச் சுவரை ஒட்டிய நான்காவது தாளின் அடியில் முத்து முத்தாக நீர். அங்கே காங்கிரீட்டின் நிறமும் கறுத்திருந்தது. சுவரைத் தோண்டிப் பார்த்ததில், குழாய் இணைப்பு ஒன்று ஓராண்டாகச் சொட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. புது ஓட்டைப் பசை போட்டே பதித்திருந்தாலும் அந்த மூலை மறுபடி உவர் பூத்திருக்கும்.

குழாய் சீராயிற்று. கார்த்திகை மழை போயிற்று. மாசியில் மறுபடி தாள் ஒட்டினார். நான்கும் வறண்டிருந்தன. நான் மகிழ்ந்து, நாளையே வேலையைத் தொடங்கலாமா என்றேன். “இன்னும் ஒரு மாசம் கெடக்கட்டும் தம்பி. தளம் எங்க ஓடிப்போவுது?” என்றார்.

இதற்கிடையே பழைய தரையைப் பற்றிய வழக்கும் நடந்துகொண்டிருந்தது. தம்பியின் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. சிவப்புத் தரையில் ஓரிரு இடத்தில் மயிரிழைக் கீறல். ஆட்டுக்கல் கிடந்த இடத்தில் வட்டமாக நிறம் மங்கல். அவனுடைய மனைவிக்குத் துடைப்பதில் சிரமம். மேலேயே ஒட்டிவிட்டால் உடைக்கும் செலவும் இல்லை என்றான். ஒட்டலாம்தான். ஆனால் ஓடும் கலவையும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் தரை உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், நிலைப்படி தாழ்ந்துபோகும், அங்கணத்துக்கு ஓடும் வாட்டம் கெடும். தவிரவும், எண்ணெய் குடித்து மெருகேறிய பரப்பில் கலவை பற்ற வேண்டுமானால் அதை உளியால் கொத்தி ரணமாக்க வேண்டும். அறுபது ஆண்டு மூச்சு விட்ட தரையை மூச்சு விடாத ஓட்டால் மூடினால், மண்ணின் ஈரம் பக்கத்துச் சுவரில் ஏறத்தான் பார்க்கும்.

நான் அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். நம் ஊர்க் கோயிலில் வரதுங்கராம பாண்டியர் காலத்து ஏட்டுச் சுவடிகள் இருந்தன என்று கேள்விப்பட்டு, உ. வே. சாமிநாதையர் தேடிவந்தார். பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. கேட்டு அவர் நொந்ததை அவரே எழுதியிருக்கிறார். இட்டவர்கள் கெடுமதியாளர் அல்லர். சாத்திரப்படி மரியாதையாகத்தான் செய்வதாக நினைத்தார்கள். “அண்ணே, பாண்டியன் ஏடும் நம்ம வீட்டுத் தரையும் ஒண்ணா?” என்றான் தம்பி. ஒன்றல்லதான், உவமை கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டேன். தாயார்தான் வழக்கை முடித்துவைத்தார். எண்பத்திரண்டு வயதில் வழுக்காமல் நடக்கத் தமக்குத் தெரிந்த தரை அது ஒன்றுதான் என்றார். அதற்குமேல் எவரும் பேசவில்லை.

புதுக் கூடத்துக்கு என்ன போடுவது? செங்காவி போடலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் இரவெல்லாம் குந்தித் தேய்க்கக்கூடிய கைகள் இன்று எத்தனை? மூத்த கொத்தனாரின் முழங்கால் மடங்குவதில்லை. ஆத்தங்குடி ஓடு எல்லாருக்கும் பிடித்தது. மஞ்சளும் எண்ணெயும் சிந்தும் வீட்டில் அதன் நுண்துளை கறை வாங்கும் என்று தம்பி மனைவி தயங்கினார். முடிவில், பெயர்த்தவற்றில் உடையாத ஓடுகளையே பயன்படுத்தினோம். குறைந்தவற்றுக்குப் புதிதாக வாங்கினோம். இந்தியாவில் ஆகும் இத்தகைய ஓடுகளில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பி நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்யப்படுபவை. பெட்டியின் மேல் அந்த ஊரின் பெயரைத்தான் கண்டோம்.

பங்குனியில் வேலை நடந்தது. தளத்தைக் கொத்தி, தூசி போகக் கழுவி, உலரவிட்டார்கள். பல் வைத்த கரண்டியால் பசையை வரி வரியாக இழுத்தார்கள். ஒவ்வோர் ஓட்டையும் வைத்தபின் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, முதுகு முழுவதும் பசை பற்றியிருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார் நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர். கரண்டி பிடித்தவர் அவருடைய பேரன். ஓட்டுக்கு ஓடு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. அதற்காகச் சிறு பிளாஸ்டிக் சிலுவைகளை மூலைகளில் வைத்தார்கள். சுவரோரம் முழுவதும் கால் அங்குலத்துக்குச் சற்று மேல் வெற்றிடம் விட்டு, அதைச் சுவரடி ஓட்டால் மறைத்தார்கள். மறுநாள் பேரன் ஒரு நாணயத்தால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான். பொள்ளென்று ஒலித்த இரண்டைப் பசை இறுகுமுன் பெயர்த்து மறுபடி வைத்தான்.

அதன் பிறகு சித்திரைகள் வந்து போயின. கூடம் ஓசையின்றி இருக்கிறது. வருகிற விருந்தாளிகளில் யாராவது ஒருவர், இவ்வளவு செலவு செய்துவிட்டு ஓடுகளுக்கு நடுவே ஏன் கோடு தெரிய விட்டிருக்கிறீர்கள் என்று கேட்பதுண்டு. தம்பி உடனே அவரைக் கைப்பிடித்துப் பட்டாசலுக்கு அழைத்துப்போய், சிவப்புத் தரையில் நான்கடிக்கு ஒன்றாக ஓடும் கோட்டைக் காட்டி, 1963லிருந்து தொடங்குகிறான். காப்பி ஆறிப்போகிறது.